செவ்வாயில் ஒரு பெரியாறு

(மட்டாஞ்சேரியில் கல்லூரி மாணவர்கள், அரசு அலுவலர்கள் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

சிவகிரி மலைகளில் பிறக்கும் பெரியாறு 244 கிலோமீட்டர் ஓடி, ஆலுவாயில் இரு கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை வடமேற்கே சென்று கடலை நாடுகிறது. மற்றொரு கிளை வராப்புழை வழியாக வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளின் படித்துறைகளைத் தொட்டு நிற்கும் காயல் நீரில் பெரியாற்றின் பங்கும் உண்டு. இந்த ஆற்றின் பெயர் 2025-ஆம் ஆண்டில் வேறோர் உலகின் நிலப்படத்திலும் ஏறியது. செவ்வாய்க் கிரகத்தில் நீர் அறுத்த தடம்போல் காணப்படும் சிறு கால்வாய் ஒன்றுக்குப் பெரியாறு என்று பெயரிட அனைத்துலக வானியல் சங்கம் ஒப்புதல் அளித்தது.

அக்கால்வாய் தனித்து நிற்கவில்லை. அது அமைந்துள்ள பெரும் விண்கல் பள்ளத்திற்குக் கிருஷ்ணன் என்று பெயர். பள்ளத்தின் சமவெளிக்கும் அப்பெயரே சூட்டப்பட்டுள்ளது. அருகிலுள்ள சிறு பள்ளங்கள் வர்க்கலை, தும்பா, பேக்கல், வலியமலை என்னும் கேரளப் பெயர்களைத் தாங்குகின்றன. கிருஷ்ணன் என்பது தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணனை (1898–1970) குறிக்கும். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் இயக்குநர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் நிலவியல் குறித்து 1943-இல் அவர் வெளியிட்ட நூலைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பயின்றனர். இப்பெயர்களைப் பரிந்துரைத்தவர்கள் காசர்கோடு அரசுக் கல்லூரியையும், வலியமலையிலுள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள்.

இச்செய்தி கேட்டு மகிழ்வது இயல்பே. ஆயினும் மாணவர் ஒருவர் மனத்தில் எழ வேண்டிய வினா வேறு. செவ்வாயின் மண்ணை இதுவரை எந்த மனிதனும் மிதித்ததில்லை. கிருஷ்ணன் பள்ளத்தின் பாறைத் துண்டு ஒன்றேனும் எந்த ஆய்வுக்கூடத்தையும் வந்தடைந்ததில்லை. அவ்வாறிருக்க, அப்பள்ளத்தின் வயது ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் என்றும், பள்ளத்தினுள் நீர் ஓடியது என்றும் கூறுவதற்கு ஆதாரம் என்ன? விண்கலங்கள் அனுப்பிய படங்களே முதன்மையான ஆதாரம். அப்படங்களை எவ்வாறு படிப்பது, எந்த அளவுக்கு நம்புவது என்பவையே இங்கு ஆராய வேண்டியவை.

வானிலிருந்து கொச்சி

தொலைவிலுள்ள நிலத்தைப் படிக்கக் கற்பதற்குக் காலடியிலுள்ள நிலமே முதற்பாடம். செயற்கைக்கோள் எடுத்த கொச்சியின் படத்தை ஒருவர் முதன்முறையாகக் காண்பதாகக் கொள்வோம். கடலுக்கு இணையாக நீண்டு கிடக்கும் வைப்பின் தீவு, அதன் பின்னே காயல், இரண்டையும் இணைக்கும் குறுகிய முகத்துவாரம் ஆகியவை முதலில் கண்ணில் படும். இக்கடற்கரைச் சமவெளியில் கரைக்கு இணையாக வரிவரியாக மணல்மேடுகள் காணப்படுகின்றன. அவை முற்காலக் கரைகள். கடல் பின்வாங்கிய வரலாற்றை நிலமே எழுதி வைத்த வரிகள் எனலாம். 1341-ஆம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்தது என்றும், கொச்சி முகத்துவாரம் விரிந்து துறைமுகமாயிற்று என்றும் வரலாற்றறிஞர் பலர் கருதுகின்றனர். எழுத்துச் சான்றுகள் குறைவாக உள்ள இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு நிலத்தின் வடிவமே முக்கியச் சான்றாகிறது.

அதே படத்தில் மட்டாஞ்சேரிக்கு எதிரே, கால்வாய்க்கு அப்பால், வில்லிங்டன் தீவு தெரியும். அதன் கரைகள் நேர்கோடுகளாக உள்ளன. ஆறும் அலையும் இவ்வளவு நேரான கரைகளை அமைப்பது அரிது. துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது அகழ்ந்தெடுத்த மண்ணைக் கொண்டு இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் உருவாக்கப்பட்ட நிலம் அது. வரலாறு அறியாதவரும் கரையின் வடிவத்தைக் கண்டே மனிதக் கை பட்ட இடம் இது என்று ஊகிக்க முடியும். வடிவத்திலிருந்து காரணத்தை அறிவது என்பது இதுவே. செவ்வாய் ஆய்வாளரும் இம்முறையையே கையாளுகின்றனர். ஒரு வேறுபாடு உண்டு: கொச்சியில் ஐயம் எழுந்தால் படகேறிச் சென்று பார்க்கலாம், செவ்வாயில் அது இயலாது.

முதற் படங்கள் கூறியவை

1965 ஜூலையில் மாரினர்-4 விண்கலம் செவ்வாயைக் கடந்து செல்கையில் சுமார் 22 படங்களை அனுப்பியது. கிரகத்தின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கே அவற்றில் அடங்கியது. அங்குக் காணப்பட்டவை பெரும்பாலும் பள்ளங்கள். செவ்வாயும் சந்திரனைப் போன்ற உயிரற்ற, மாற்றமற்ற உலகம் என்று அப்போது பலர் முடிவு செய்தனர். 1971 நவம்பரில் மாரினர்-9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கிற்று. பூமியல்லாத வேறொரு கிரகத்தைச் சுற்றிய முதல் விண்கலம் அது. அது சென்று சேர்ந்த வேளையில் கிரகம் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. புயல் அடங்கிய பின்னர் பெரும் எரிமலைகளும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட பள்ளத்தாக்கும், வறண்ட ஆற்றுப்படுகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. மாரினர்-9 அனுப்பிய 7,300-க்கும் மேற்பட்ட படங்கள் முந்தைய முடிவைத் தலைகீழாக்கின. ஒரு சிறு பகுதியைக் கண்டு முழுமைக்கும் தீர்ப்புக் கூறலாகாது என்பது இவ்வாய்வுத்துறை பெற்ற முதற்பாடம்.

படத்தைப் படிக்கும் முறைகள்

படத்தைப் படிப்பதற்கு நிலவியலார் பயன்படுத்தும் கருவிகளுள் மிக எளியது அடுக்கு விதி. மேலே இருப்பது பின்னர் வந்தது; வெட்டுவது வெட்டப்பட்டதற்குப் பிந்தியது. மட்டாஞ்சேரிப் பண்டகசாலை ஒன்றின் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் வெட்டுக்கல் தெரிகிறது. பூச்சின்மேல் வண்ணம், வண்ணத்தின்மேல் விளம்பர எழுத்து, அனைத்தையும் ஊடுருவிச் செல்லும் ஒரு விரிசல். எது முதலில், எது பின்னர் என்று கூற எந்த ஆவணமும் தேவையில்லை. அவ்வாறே ஒரு கால்வாய் பள்ளத்தின் விளிம்பை அறுத்துச் சென்றால், பள்ளம் முந்தியது, கால்வாய் பிந்தியது என்பது உறுதி.

அடுக்கு விதி முன்பின் வரிசையைக் கூறும். ஆண்டுக் கணக்கைக் கூறாது. அதற்குப் பள்ளங்களை எண்ணும் முறை உதவுகிறது. விண்கற்கள் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் விழுகின்றன. எனவே நெடுங்காலம் திறந்து கிடந்த நிலத்தில் பள்ளங்கள் மிகுதி. அண்மையில் எரிமலைக் குழம்போ வண்டலோ மூடிய நிலத்தில் குறைவு. அப்பல்லோ வீரர்கள் 1969 முதல் 1972 வரை கொணர்ந்த சந்திரப் பாறைகளின் வயது ஆய்வுக்கூடங்களில் அளக்கப்பட்டது. அப்பாறைகள் கிடைத்த இடங்களின் பள்ளக் கணக்கோடு அவ்வயதுகள் இணைக்கப்பட்டன. அந்த அளவுகோலைத் தக்க திருத்தங்களுடன் செவ்வாய்க்குப் பொருத்துகின்றனர். ஆகவே 350 கோடி ஆண்டுகள் என்பது பாறையை நேரில் அளந்து பெற்ற எண் அன்று. கணக்கிட்டுப் பெற்ற மதிப்பீடு. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் இன்றியமையாதது.

உயரத்தை அளக்க நிழல் துணை செய்கிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கையில், சமதரையில் ஒரு குன்றின் நிழல் 1,000 மீட்டர் நீண்டிருந்தால், குன்றின் உயரம் சுமார் 577 மீட்டர். இது பள்ளி மாணவர் அறிந்த முக்கோணக் கணக்கே. ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களை இணைத்தும் உயரம் காணலாம். மனிதரின் இரு கண்கள் ஆழத்தை உணர்வதும் இம்முறையில்தான்.

கண்ணுக்குப் புலப்படாத ஒளியும் பயன் தருகிறது. பகல் வெயிலில் சூடேறிய கருங்கல் இரவில் நெடுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும். நுண்புழுதி விரைவில் குளிர்ந்துவிடும். செவ்வாயின் இரவில் எடுத்த அகச்சிவப்புப் படங்களில் பாறை வெளிறியும் புழுதி இருண்டும் தோன்றுவதற்கு இதுவே காரணம். மேலும் ஒவ்வொரு கனிமமும் சூரிய ஒளியின் சில அலைநீளங்களை விழுங்கி, எஞ்சியவற்றைத் திருப்பி அனுப்புகிறது. அந்த நிறமாலை கனிமத்தின் கைரேகை போன்றது. 2006-ஆம் ஆண்டு முதல் செவ்வாயைச் சுற்றிவந்த ஆய்வுக்கலம் ஒன்றின் காமிரா, ஒரு படப்புள்ளிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் என்ற அளவில் நிலத்தைக் காட்டியுள்ளது. அதே கலத்தின் மற்றொரு காமிராவில் ஒரு புள்ளி 6 மீட்டரைக் குறிக்கும். நுண்ணிய படம் விவரத்தைத் தரும். பரந்த படம் அவ்விவரம் எந்தச் சூழலைச் சேர்ந்தது என்பதைத் தரும். இரண்டும் வேண்டும்.

படம் ஏமாற்றும் இடங்கள்

இத்தனை கருவிகள் இருந்தும் தவறுகள் நேர்ந்துள்ளன. 1877-இல் இத்தாலிய வானியலார் சியாப்பரெல்லி தொலைநோக்கியில் கண்ட கோடுகளைப் பின்னர் அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் அறிவுள்ள உயிர்கள் வெட்டிய நீர்க்கால்வாய்கள் என்று வாதிட்டார். நேர்கோடு மனிதக் கையைக் காட்டும் என்ற விதி வில்லிங்டன் தீவுக்குப் பொருந்தியது. செவ்வாய்க்குப் பொருந்தவில்லை, ஏனெனில் அங்கே கோடுகளே இல்லை. தெளிவற்ற புள்ளிகளைக் கண் இணைத்துக்கொண்டது. 1976-இல் வைக்கிங் கலம் எடுத்த ஒரு படத்தில் மனித முகம் போன்ற குன்று காணப்பட்டது. 1998-லும் 2001-லும் எடுக்கப்பட்ட தெளிவான படங்கள் அதனை ஒரு சாதாரண மேட்டு நிலமாகக் காட்டின. சூரிய ஒளி விழுந்த கோணமே முகத்தை உருவாக்கியிருந்தது.

பயிற்சி பெற்ற அறிஞர்களும் இதற்கு விலக்கல்லர். கூசெவ் என்னும் பள்ளத்தில் ஒரு பெரும் கால்வாய் வந்து முடிவது படங்களில் தெரிந்தது. எனவே அங்கு ஏரி வண்டல் கிடைக்கும் என எதிர்பார்த்து 2004-இல் ஸ்பிரிட் என்னும் ஊர்தி இறக்கப்பட்டது. இறங்கிய சமவெளியில் அது கண்டது எரிமலைப் பாறை. சரிவுகளில் பருவந்தோறும் தோன்றி மறையும் கருங்கோடுகள் உப்புநீரின் கசிவு என்று 2015-இல் கருதப்பட்டது. 2017-இல் வெளிவந்த ஆய்வு, உலர்மணல் சரியக்கூடிய செங்குத்தான இடங்களில் மட்டுமே அக்கோடுகள் காணப்படுவதைச் சுட்டி, அவை மணற்சரிவாக இருக்கலாம் எனக் காட்டிற்று. மாறாக, படத்தின் தீர்ப்பை நிலம் உறுதி செய்த நிகழ்ச்சியும் உண்டு. ஜெசரோ பள்ளத்தில் கழிமுகம் இருப்பதாக வானிலிருந்து எடுத்த படங்கள் கூறின. 2021 பிப்ரவரியில் அங்கு இறங்கிய பெர்சவரன்ஸ் ஊர்தி, ஏரியில் ஆறு கலக்கும் இடத்தில் மட்டுமே படியும் சாய்ந்த வண்டல் அடுக்குகளைக் கண்டது. அவற்றின் மேற்புறத்தில் பெருவெள்ளம் உருட்டிவந்த பாறைகளும் கிடந்தன.

இவ்விரு வகை நிகழ்ச்சிகளிலிருந்தும் ஓர் ஒழுங்கு பிறக்கிறது. நல்ல ஆய்வறிக்கையில் கண்டது ஒரு பகுதியிலும், கண்டதிலிருந்து கருதியது மற்றொரு பகுதியிலும் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலப்பது பிழைக்கு வழி.

வர்க்கலையின் மஞ்சள் கனிமம்

செல்ல முடியாத நிலத்தை அறிய, அதனை ஒத்த நிலத்தைச் செல்லக்கூடிய இடத்தில் தேடுவது ஒரு வழி. கேரளம் இதில் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கிறது. வர்க்கலைக் கடற்கரைப் பாறைச்சுவரில் செம்புரைக்கல்லின் கீழே மணற்கல், களிமண், பழுப்பு நிலக்கரி ஆகியவை அடுக்கடுக்காக உள்ளன. அவற்றிடையே ஜரோசைட் என்னும் மஞ்சள் நிறக் கனிமம் கிடைக்கிறது. இரும்பும் கந்தகமும் அடங்கிய இக்கனிமம் நீரும் அமிலத்தன்மையும் சேர்ந்த சூழலில் உருவாகிறது. 2004-இல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் ஜரோசைட்டைக் கண்டது. அங்கு ஒரு காலத்தில் நீர் இருந்தமைக்கு அது வலுவான சான்றாயிற்று. வர்க்கலையின் ஜரோசைட்டைச் சேகரித்து, அதன் நிறமாலையைக் கேரள ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இத்தகைய பதிவுகள் செவ்வாயைச் சுற்றும் கலங்கள் அனுப்பும் நிறமாலைகளோடு ஒப்பிட அகராதிபோல் உதவுகின்றன. ஆகவே செவ்வாயில் வர்க்கலையின் பெயர் இருப்பது வெறும் அலங்காரம் அன்று.

பெயரிடுவதற்கும் விதிகள் உண்டு. பெரிய பள்ளங்களுக்குச் செவ்வாய் ஆய்வோடு தொடர்புடைய, மறைந்த அறிஞர்கள், எழுத்தாளர்கள் போன்றோரின் பெயர்களும், சிறிய பள்ளங்களுக்கு ஒரு லட்சத்திற்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களின் பெயர்களும், சிறு பள்ளத்தாக்குகளுக்கு ஆறுகளின் பெயர்களும் வழங்கப்படுகின்றன. கொச்சி மாநகரம் இவ்விதியில் இடம்பெறாது. கொச்சிக்கு நீர் தரும் ஆறு இடம்பெற்றுவிட்டது.

இந்தியக் கலமும் திறந்த கருவூலமும்

இந்தியாவின் மங்கள்யான் 2013 நவம்பர் 5-ஆம் நாள் ஏவப்பெற்று, 2014 செப்டம்பர் 24-ஆம் நாள் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறிய திட்டம் அது. அதன் பாதை மிக நீண்ட வட்டம்: அண்மையில் சுமார் 420 கிலோமீட்டர், சேய்மையில் சுமார் 77,000 கிலோமீட்டர். எனவே அகமதாபாத்தில் உருவான அதன் வண்ணக் காமிராவால் கிரகத்தின் முழு வட்டத்தையும் ஒரே படத்தில் அடக்க முடிந்தது. மேகம், புழுதிப் புயல், பனிமுனை ஆகியவற்றை ஒருங்கே காண இது உதவிற்று. 2022-இல் கலத்துடனான தொடர்பு அற்றது. எனினும் அது அனுப்பிய தரவுகள் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டுள்ளன. அமெரிக்க விண்கலங்களின் படங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை ஆராயும் மென்பொருள்களிலும் சில இலவசமானவை.

இதன் பொருளை மாணவர்கள் நன்கு உணர வேண்டும். ஒரு காலத்தில் கிரக ஆய்வு சில செல்வ நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் மட்டும் நிகழ்ந்தது. இன்று ஓர் அரசுக் கல்லூரியின் கணிப்பொறி போதும். காசர்கோட்டிலும் வலியமலையிலும் பணியாற்றுவோர் முன்மொழிந்த பெயர்களை உலகம் ஏற்றுக்கொண்டதே இதற்குச் சான்று. இனிக் குறைவாக இருப்பது கருவியன்று. பொறுமையோடு படிக்கும் கண்.

நிருவாகத்திற்கு என்ன பயன்?

அலுவலர் ஒருவர், செவ்வாயின் பள்ளத்தால் இங்குள்ள மக்களுக்கு யாது பயன் என்று வினவலாம். அவ்வினா நியாயமானதே. செவ்வாயைப் படிக்கும் கண்ணும் பூமியைப் படிக்கும் கண்ணும் ஒன்றே என்பதுதான் விடை. கரை அரிப்பு, வெள்ளப் பரப்பு, நிலச்சரிவு ஆகியவை பற்றி அலுவலரின் மேசைக்கு வரும் வரைபடங்களில் பல, செயற்கைக்கோள் படங்களைப் படித்துத் தயாரிக்கப்பட்டவை.

2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளைப் பெரும் நிலச்சரிவு தாக்கிற்று. ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம், நிகழ்ச்சிக்கு முந்தைய படத்தையும் மறுநாள் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, மண்ணும் பாறையும் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவு ஓடியதைக் காட்டியது. அதே இடத்தில் முன்னர் ஒரு சரிவு நிகழ்ந்த தழும்பும் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தது. மேகத்தை ஊடுருவும் ராடார் படங்கள் மழைக்காலத்தில் மீட்புப் பணிக்கு எவ்வளவு தேவை என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

மலைச்சரிவில் ஒரு தழும்பு இருப்பதைப் படத்தில் காண்பது ஒன்று. அது மீண்டும் திறக்கக்கூடும் என்று கருதுவது மற்றொன்று. அக்கருத்து அங்கு வீடு கட்டுவோருக்கும், அனுமதி வழங்குவோருக்கும், பள்ளிக்கு இடம் தேர்வோருக்கும் எட்டுவது மூன்றாவது. முதலிரண்டையும் நிலவியலார் செய்கின்றனர். மூன்றாவது நிருவாகத்தின் பொறுப்பு. செவ்வாயில் ஒரு படத்தைத் தவறாகப் படித்தால், ஓர் ஊர்தி ஏரியைத் தேடிச்சென்று எரிமலைப் பாறையில் நிற்கும்; அறிவியல் அதிலிருந்தும் ஒன்றைக் கற்றுக்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையிலோ கொச்சிக் கரையிலோ அத்தவறுக்குத் தரும் விலை மனித உயிர்.

ஆகவே வரைபடம் ஒன்று கையெழுத்துக்கு வரும்போது அலுவலர் கேட்க வேண்டிய வினாக்கள் சில: இப்படம் எந்த நாளில் எடுக்கப்பட்டது? ஒரு புள்ளி நிலத்தில் எத்தனை மீட்டர்? இதில் காணப்பட்டது எது, கருதப்பட்டது எது? நேரில் சென்று பார்த்தவர் யார்? இந்நான்கு வினாக்களுக்கும் விடை இல்லாத வரைபடம் முழுமையானதன்று.

மாணவர்களுக்கும் ஒரு பணி காத்திருக்கிறது. இவ்வூரின் செயற்கைக்கோள் படத்தை எடுத்துக்கொண்டு, முகத்துவாரம், மணல்மேடு, தூர்ந்த வாய்க்கால், மனிதக் கை தொட்ட நேர்கரை ஆகியவற்றை வேறுபடுத்திக் குறிக்கலாம். பின்னர் நடந்து சென்று, எத்தனை சரி, எத்தனை தவறு என்று எண்ணலாம். செவ்வாயின் பெரியாற்றைச் சரிபார்க்க அங்கே எவரும் இன்னும் நடந்து செல்ல முடியாது. கேரளத்தின் பெரியாறு இங்கேயே ஓடுகிறது. இதனைப் பிழையறப் படிக்கப் பழகியவர்களே அதனையும் நம்பத்தக்க முறையில் படிக்க வல்லவர்கள்.